ஆறாம் நம்பர் போரின் ருசி

"ஒரே ஒரு நிபந்தனை இருக்கு," என்றாள் மேகலா.

"சொல்லுங்க."

"சாப்பாடு போட்டுட்டு 'எப்படி இருக்கு'ன்னு என்கிட்ட கேக்கக் கூடாது. 'கொஞ்சம் உப்பு பாரு'ன்னு கரண்டியோட வந்து நிக்கக் கூடாது. என்னைக்குமே."

மாதேஷ் கொஞ்சம் யோசித்தான். "நான் சமையல்காரன்ங்க. அதை விட்டா எனக்கு வேற பேச்சே வராது."

"அதனாலதான் முதல்லயே சொல்லிடறேன்."

"சரி. கேக்க மாட்டேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டேன். வேற ஏதாவது இருக்கா?"

"நான் இந்த ஊரை விட்டு வர முடியாது."

"அடுப்பு எந்த ஊர்ல வெச்சாலும் எரியும்ங்க," என்றான் அவன். அப்போதுதான் மேகலா அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

நான்கு வருஷத்துக்கு முன்பு, பெண் பார்க்க வந்த அன்று, வீட்டுப் பின்பக்கம் துணிக்கொடிக்குக் கீழே நின்று பேசியது அது. கூடத்தில் மாதேஷின் அம்மா ராஜகுமாரி தான் கொண்டு வந்திருந்த தண்ணீர் கேனைக் காலருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நெல்லிமேட்டுக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் எல்லோருமே அப்படித்தான் வருவார்கள். தருமபுரியிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் அந்தச் சின்ன ஊருக்கு ஆறு கிடையாது, ஏரியும் பேருக்குத்தான். 'போர்' என்று ஊரார் சொல்லும் ஒன்பது ஆழ்துளைக் கிணறுகள்தான் பதினோராயிரம் பேருக்குத் தண்ணீர் கொடுத்தன. ஃபுளோரைடை எடுக்கும் இயந்திரம் வருவதற்கு முன்னால் பிறந்தவர்களின் பற்களில் பழுப்புக் கோடு இருக்கும். சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போய்விடும். மேகலாவின் கையும் அப்படித்தான் போனது. தட்டில் வைத்திருந்த குழாய்த் தண்ணீரை வந்தவர்களில் மாதேஷ் ஒருவன்தான் எடுத்துக் குடித்தான். அவன் அம்மா இடுப்பில் இடித்தும் முழு டம்ளரையும் குடித்து முடித்தான்.

அதற்குக் காரணம் துணிச்சல் என்று மேகலா நினைத்தாள். அவன் காரணம் வேறு. "உன் பேர்ல இருக்கற தண்ணி. உன் முன்னாடி குடிக்காம இருந்தா நல்லாவா இருக்கும்?" என்று கல்யாணத்துக்குப் பிறகு சொன்னான்.

அந்த ஊர்த் தண்ணீர் உண்மையிலேயே அவள் பேரில்தான் இருந்தது.

மேகலாவுக்கு இருபத்தொரு வயதாக இருந்தபோது நெல்லிமேட்டுத் தண்ணீரில் ஏதோ கலந்தது. மலையடிவாரத்தில் எப்போதோ மூடிப்போன ஒரு பட்டறை புதைத்துவிட்டுப் போன பீப்பாய்களிலிருந்து கசிந்தது என்று பிற்பாடு கண்டுபிடித்தார்கள். அன்றைக்குத் தண்ணீரைச் சோதிக்கும் கருவிகள் எல்லாம் பச்சை விளக்கையே காட்டிக்கொண்டிருந்தன. நாற்பது விஷங்களைத் தேடச் சொல்லி அவற்றுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். வந்தது நாற்பத்தொன்றாவது.

ஒரு நாள் காலையில் மேகலா அப்பாவிடம், "தண்ணி பழைய சாவியை வாயில போட்ட மாதிரி இருக்குப்பா," என்றாள்.

"தண்ணிக்கு என்னம்மா ருசி?" என்று சிரித்துவிட்டு அப்பா ஒரு சொம்பு குடித்தார். அவள் அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. நான்கு மாதத்தில் ஊரில் முப்பது பேருக்குச் சிறுநீரகம் கெட்டது. அவர்களில் அப்பாவும் ஒருவர். அவர் பிழைக்கவில்லை.

விசாரணைக்கு வந்தவர்களிடம் அவள் அந்தச் சாவியைப் பற்றிச் சொன்னாள். அவள் நாக்கைச் சோதித்தார்கள். ஒரு குடம் தண்ணீரில் ஒரு கடுகளவு எதைக் கலந்தாலும் அது பழைய தண்ணீர் இல்லை என்று அவளால் சொல்ல முடிந்தது. என்ன கலந்தது என்று சொல்லத் தெரியாது. ஏதோ மாறியிருக்கிறது என்று தெரியும். இயந்திரத்துக்கு வராதது அதுதான்.

அப்படித்தான் தகடு வந்தது. வெங்காயச் சருகு மாதிரி மெல்லிய தகடு. மேலண்ணத்தில் ஒட்டிவிடுவார்கள். ஒன்பது போர்களுக்குள்ளும் இறக்கிய கருவிகள் தண்ணீரில் உள்ளதையெல்லாம் அளந்து அனுப்ப, தகடு அதை அரைமணிக்கு ஒரு தடவை அவள் வாயில் ருசியாக மாற்றும். ஒவ்வொரு போருக்கும் தகட்டில் ஒரு இடம். பம்ப்ஹவுஸ் அறையில் உட்கார்ந்தபடியே அவள் ஒன்பது கிணற்றையும் குடித்துப் பார்த்தாள். காலை ஆறு மணிக்கு ஊரார் எல்லோருடைய போனிலும் அவள் செய்தி வரும்: "தண்ணி நல்லா இருக்கு. குடிக்கலாம்." அதற்குப் பிறகுதான் வால்வு திறக்கும். ஊரில் காலையில் பார்த்துக்கொள்கிறவர்கள் கேட்பதே "மேகலா சொல்லிட்டாளா?" என்றுதான். கல்யாணப் பந்தியில் அவளுக்குத்தான் முதல் டம்ளர்.

தகடு இருக்கும்வரை வேறு ருசி குழப்பக் கூடாது என்று நாக்கையும் வாசனையையும் மரக்கவைத்திருந்தார்கள். களியோ கேசரியோ, அவளுக்கு ஒன்று சூடு, இன்னொன்று வழவழப்பு. அவ்வளவுதான். மூன்று வருஷத்தில் வேறு ஆள் வரும் என்றார்கள். யாரும் வரவில்லை. எதை இழக்க வேண்டும் என்று தெரிந்தபின் யார் வருவார்கள்? ஏழு வருஷத்துக்கு மேல் தகடு இருந்தால் நாக்கு நரம்புகள் மறுபடி விழிக்காது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தார். ஏழு வருஷம் முடியப் பத்தொன்பது நாள் இருந்தது.

மாதேஷ் அந்தத் தேதியை யாரிடமும் சொல்லவில்லை. மெஸ் சமையலறையில் தொங்கும் தினசரிக் காலண்டரில், அந்த நாளின் தாளை மட்டும் ஓரமாக மடித்து வைத்திருந்தான்.

கல்யாணத்துக்குப் பிறகு பம்ப்ஹவுஸுக்கு எதிரிலேயே அவன் மெஸ் போட்டிருந்தான். ராஜகுமாரியும் முணுமுணுத்துக்கொண்டே கூட வந்துவிட்டாள். அவன் ரசத்துக்காகவே பக்கத்து ஊர்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். சாப்பிட்டு எழுந்தவர்களிடமெல்லாம் "எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்பான். மேகலாவிடம் மட்டும் நான்கு வருஷமாகக் கேட்டதில்லை. அவளுக்குப் பரிமாறிவிட்டு, கேட்க வாய் எடுத்து, "கொஞ்சம் தண்ணி வேணுமா?" என்று மாற்றிவிடுவான். கொதிக்கும் குழம்பின் முன்னால் கரண்டியை எடுத்துத் திரும்புவான். அவள் அங்கே நிற்பாள். அவளைத் தாண்டி, கூடத்தில் வெங்காயம் உரிக்கும் அம்மாவை நோக்கி, "அம்மா, உப்பு பாரு," என்பான்.

"ஏன்டா, கட்டின பொண்டாட்டி பக்கத்துல நிக்கறா, என்னை எழுப்பறே?" என்று ராஜகுமாரி முதல் வருஷம் கேட்டாள். பிறகு அவளும் கேட்கவில்லை. உள்ளங்கையை நீட்டுவாள், நக்கிப் பார்ப்பாள், "ஒரு கல்லு போடு" என்பாள்.

தகட்டைக் கழற்றிவிடு என்று அவனும் சொன்னதில்லை. அவன் சொன்னால் அவள் கழற்றுவாள், அது அவனுக்குத் தெரியும். கழற்றிய மறுமாதம் ஊரில் ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆனால்? ஒரு வாய் சாப்பாட்டுக்காகக் கேட்டோமே என்று அவன் வாழ்நாளெல்லாம் நினைக்க வேண்டும். அவளும் நினைப்பாள்.

செவ்வாய்க்கிழமை பகல் இரண்டு மணிக்கு ஊரார் போன்கள் எல்லாம் ஒன்றாக அலறின.

"ஆறாம் நம்பர் போர்ல ஏதோ கலந்திருக்கு. யாரும் தண்ணி குடிக்காதீங்க, சமைக்காதீங்க. வால்வை மூடிட்டேன். மேகலா."

ஒன்பது போர்த் தண்ணீரும் ஒரே மேல்நிலைத் தொட்டியில் சேருவதால் ஒன்றில் சந்தேகம் என்றாலும் முழு ஊருக்கும் நிறுத்துவதுதான் விதி. கலந்தது எப்படி இருக்கிறது என்று அவள் எழுத வேண்டும் என்பதும் விதி. வேறு எவருக்காவது அடையாளம் தெரியலாம் என்பதற்காக அந்த வர்ணனையும் எல்லோருக்கும் போகும். அவள் எழுதியிருந்தாள்:

"முதல்ல ஒரு புளிப்பு, கன்னத்தை உள்ளே இழுக்கிற மாதிரி. அப்புறம் எதையோ வறுத்த கருகல். கடைசியில் ஒரு காரம், தொண்டையில் நிக்காம காதுக்குப் பின்னால் ஏறுது. இதுக்கு முன்னாடி எந்தத் தண்ணியிலும் பார்த்ததில்லை."

மாதேஷ் அதைக் கூட்டு தாளித்துக்கொண்டே படித்தான். ஏதோ என் ரசத்தைச் சொல்கிற மாதிரி இருக்கிறதே என்று தோன்றியது. மூணு பேர் பாராட்டிவிட்டால் உலகமே உன் ரசம்தானா என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு போனைப் பையில் போட்டான்.

மறுநாள் மாவட்ட நீர் ஆய்வகத்திலிருந்து இர்ஃபானா வந்தாள். இருபத்தாறு வயதுப் பொறியாளர். இரண்டு பெட்டி நிறையக் கருவிகள். காலை முழுக்க ஆறாம் நம்பர் போரை இறைத்து இறைத்துச் சோதித்தாள்.

"ஒண்ணுமே இல்லக்கா. சுத்தமான தண்ணி."

"போன தடவையும் இப்படித்தான் சொன்னாங்க," என்றாள் மேகலா.

"அப்ப நாற்பதுதான் தேடினாங்க. இப்ப ஆறாயிரம் தேடறோம்."

"வந்தது ஆறாயிரத்து ஒண்ணா இருந்தா?"

இர்ஃபானா கருவிகளைத் திரும்பப் பெட்டியில் அடுக்கினாள். இடது தாடையைத் தேய்த்துக்கொண்டிருந்த மேகலாவிடம், "பல் வலியா?" என்று மட்டும் கேட்டாள். "ஒரு வாரமா இருக்கு. அது கிடக்கட்டும்," என்றாள் மேகலா.

காலைக் களியைத் தின்றபோது ஒன்றும் இல்லை. ஆனால் மதியம் மாதேஷ் கேன் தண்ணீரில் சமைத்து அனுப்பிய சாப்பாட்டைச் சாப்பிட்டு, கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, இரண்டு மணிக்குத் தகடு ருசியைக் கொடுத்தபோது மறுபடியும் அதே புளிப்பு, அதே காரம். நேற்றைவிட அதிகம். மறுபடி எழுதினாள். மறுபடி ஊர் முழுக்கப் போன்கள் அலறின.

அன்று சாயங்காலம் தண்ணீர் லாரி வந்தது. தெருவில் குடங்களோடு பெண்கள் வரிசையில் நின்றார்கள். ராஜகுமாரி முதல் குடத்தைப் பிடித்து, ஒரு கை அள்ளி வாயில் விட்டு, அப்படியே துப்பினாள்.

"ஏப்பா, இதுல இதுக்கு முன்னாடி என்ன ஏத்தினே?"

"தண்ணிதான்மா."

"பொய் சொல்லாத. புதுப் பிளாஸ்டிக் பக்கெட்டை நக்கின மாதிரி இருக்கு. அலமு, நீ பாரு."

பக்கத்தில் நின்ற அலமு குடித்துப் பார்த்தாள். முகம் கோணியது. அவளுக்குப் பின்னால் நின்றவள் பார்த்தாள். பன்னிரண்டு பேர் பார்த்தார்கள். பன்னிரண்டு பேரும் அதையே சொன்னார்கள். தொட்டிக்குள் அன்றுதான் புதிதாகப் பூச்சு அடித்து, காயவிடாமல் எடுத்து வந்ததை டிரைவர் ஒப்புக்கொண்டான். லாரி திரும்பிப் போயிற்று. ராத்திரி வேறு லாரியில் நல்ல தண்ணீர் வந்தது.

"ஏழு வருசமா இந்தத் தெருவுல எவளும் தண்ணியை ருசி பாத்துக் குடிச்சதில்ல," என்றாள் அலமு. "மேகலா பாத்துக்குவான்னு கடக்குன்னு முழுங்கிடறோம்."

தெருமுனையிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த இர்ஃபானா தன் போனில் ஏதோ குறித்துக்கொண்டாள்.

இன்னொரு பக்கம், பேரூராட்சி அலுவலக வாசலில், "அந்தப் பொண்ணோட நாக்கு பழுதாயிடுச்சோ?" என்று இரண்டு பேர் பேசிக்கொண்டது மாதேஷின் காதில் விழுந்தது. அவன் வீட்டுக்கு வந்து மேகலாவின் இரண்டு வர்ணனைகளையும் எடுத்துப் படித்தான். புளிப்பு. வறுத்த கருகல். காதுக்குப் பின்னால் ஏறும் காரம். மிளகை மட்டும் தனியாக, கருகுவதற்கு ஒரு மூச்சு முன்னால் இறக்கினால்தான் காரம் தொண்டையில் நிற்காமல் காதுக்கு ஏறும். அதை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர் யாரும் இல்லை. அவனே கண்டுபிடித்தது.

வியாழக்கிழமை அவன் ரசம் வைக்கவில்லை. வாடிக்கையாளர்கள் முறைத்தார்கள். லாரித் தண்ணீரில் வெந்தயக் குழம்பு வைத்தான். வெந்தயத்தைப் பொன்னிறத்தில் எடுத்து, கடைசியில் ஒரு துண்டு வெல்லம். மேகலாவின் டிபன் கேரியரில் அதை மட்டும் ஊற்றி அனுப்பினான். இரண்டு மணிக்கு அடுப்பை அணைத்துவிட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

இரண்டு மணி மூன்று நிமிடத்துக்குச் செய்தி வந்தது.

"ஆறாம் நம்பர் போரில் கலப்படம் மாறியிருக்கு. இன்னைக்குக் காரம் இல்லை. ஒரு கசப்பு வருது, ஆனா பயமுறுத்தற கசப்பு இல்லை. அது போன பிறகு அடியில் லேசா ஒரு இனிப்பு. எதனால்னு தெரியலை. யாரும் குடிக்காதீங்க."

மாதேஷ் காலி எண்ணெய் டின்மேல் உட்கார்ந்துவிட்டான்.

அவள் அவன் சமையலைச் சாப்பிட்டிருக்கிறாள். நான்கு வருஷத்தில் முதல் தடவையாக அது எப்படி இருந்தது என்று சொல்லியிருக்கிறாள். அவனிடம் இல்லை, பதினோராயிரம் பேரிடம். அதுவும், இது விஷம், யாரும் தொடாதீர்கள் என்று.

"என்னடா, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள் ராஜகுமாரி.

"ஒண்ணும் இல்லம்மா. வெல்லம் சரியா இருந்திருக்கு."

"யார் சொன்னா?"

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு சாலையைக் கடந்தான்.

பம்ப்ஹவுஸில் மேகலா மேஜைமேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. எதிரில் இர்ஃபானா.

"நான் ஒண்ணு சொல்லணும்," என்றான் மாதேஷ். "ஆனா உனக்குக் கொடுத்த வாக்கை மீறற மாதிரி ஆயிடும்."

"என்ன வாக்கு?"

"உன் வாய்க்குள்ள என்ன நடக்குதுன்னு கேக்க மாட்டேன்னு சொன்னேன் இல்ல." அவன் தயங்கினான். "நேத்தும் முந்தாநேத்தும் நீ எழுதினது மிளகு ரசம். இன்னைக்கு எழுதினது வெந்தயக் குழம்பு. அந்த இனிப்பு நான் போட்ட வெல்லம்."

இர்ஃபானா சட்டென்று எழுந்து, "அக்கா, வாயைத் திறங்க," என்றாள். டார்ச் அடித்துப் பார்த்தாள். சிரித்துவிட்டாள்.

"கடைவாய்ப்பல் முளைக்குதுக்கா. தகட்டோட ஓரத்தை ஒரு மயிரிழை தூக்கியிருக்கு. அந்த ஓரம்தான் ஆறாம் நம்பரோட இடம். சாப்பிடும்போது உள்ளே போய் ஒட்டிக்கிட்டது, அரைமணிக்கு ஒரு தடவை தகடு ருசி கொடுக்கும்போது கிணத்துத் தண்ணியோட சேர்ந்து வந்திருக்கு. களியில உப்புகூட இல்ல, அதனாலதான் காலையில வரலை."

"அப்ப தண்ணி?"

"முதல்ல இருந்தே சுத்தம்தான்."

மேகலா மெதுவாகக் கணவன் பக்கம் திரும்பினாள். "மூணு நாளா நான் ஊரையே பட்டினி போட்டது உங்க ரசத்துக்காகவா?"

"அப்படிப் பாத்தா, ஆமா."

அவள் சிரித்தாள். கையை வாய்க்குக் கொண்டு போக மறந்து சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு பாதியில் வேறாகி, முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டாள். மாதேஷுக்கு அவள் தலையில் கை வைப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. இர்ஃபானா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நரம்பு இன்னும் சாகலைக்கா," என்றாள் இர்ஃபானா, வெளியே பார்த்தபடியே. "ஓரத்துல மட்டும் மரப்பு விட்டிருக்கு. விட்ட இடத்துல உடனே முழிச்சுக்கிச்சு. நான் மேலிடத்துக்குச் சொல்லியாகணும். அவங்க சொல்றது தெரிஞ்சதுதான். நாளைக்குக் காலையில பல்லைப் பிடுங்கிட்டு, புதுத் தகடு ஒட்டு, அடுத்த ஏழு வருஷத்துக்குக் கையெழுத்து வாங்குன்னுதான்."

"ஒட்டினா இது போயிடும்."

"போயிடும். திரும்ப வராது."

"ஒட்டலைன்னா ஊருக்கு யாரு?"

இர்ஃபானா திரும்பினாள். "ஊருதான். பழைய திட்டம் ஒண்ணு இருக்கு. நீங்க வர்றதுக்கு முன்னாடியே எழுதினது. ஒவ்வொரு குழாயிலயும் ரெண்டு பொத்தான். காலையில முதல் வாய்த் தண்ணியை முழுங்காம நிறுத்திப் பாக்கணும். நேத்து மாதிரியே இருந்தா ஒண்ணு, வேற மாதிரி இருந்தா இன்னொண்ணு. ஒரு தெருவுல பத்துப் பேர் 'வேற மாதிரி'ன்னு அமுக்கினா வால்வு தானா மூடிக்கும். ஒரு நல்ல நாக்குக்குப் பதிலா நாலாயிரம் சுமாரான நாக்கு. ஊர்க் கூட்டத்துல வேண்டாம்னுட்டாங்க. ஒரு ஆள் கிடைச்சப்புறம் எல்லாரும் ஏன் மெனக்கெடணும்னு."

"அவங்களுக்குத் தெரியாது இர்ஃபானா. எங்கப்பாவுக்குத் தெரியலை. நான் சொல்லியும் சிரிச்சாரு." மேகலாவின் குரல் இறங்கியது. "நானும் ஒரு தடவைதான் சொன்னேன். பத்துத் தடவை சொல்லியிருக்கணும்."

இந்த வாக்கியத்தை மாதேஷ் இதற்கு முன் கேட்டதில்லை. அவள் நாக்கை ஊருக்குக் கொடுத்தது எதற்காக என்று அவனுக்கு இப்போதுதான் புரிந்தது.

இர்ஃபானா பெட்டியிலிருந்து ஒரு பழைய கோப்பை எடுத்தாள். "இங்க வர்றதுக்கு முன்னாடி அந்த வருஷத்து விசாரணை அறிக்கையைப் படிச்சேன். வீடு வீடா போய்க் கேட்டிருக்காங்க. தண்ணி ஒரு மாதிரி இருந்துச்சுன்னு எத்தனை பேர் சொன்னாங்க தெரியுமா? நாற்பத்தேழு பேர். எல்லாரும் என் வாய்தான் கசக்குதுன்னு நினைச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்காங்க. உங்க தெருவுல மட்டும் பதினோரு பேர். ஒரு தடவையாவது வாயைத் திறந்து சொன்னது நீங்க ஒருத்தர்தான்க்கா."

மேகலா அந்தப் பக்கத்தை வாங்கிப் பார்த்தாள். பெயர்கள் வரிசையாக இருந்தன. பால்காரர் வேடியப்பன். டீச்சரம்மா. எதிர்வீட்டு அலமு. விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள். பதினோராவது பெயரில் விரல் வெகுநேரம் நின்றது.

"நேத்து லாரிக்கிட்ட என்ன நடந்துச்சுன்னு உங்க அத்தையைக் கேளுங்க," என்றாள் இர்ஃபானா. "முடிவு உங்களோடதுதான். காலையில எட்டு மணிக்கு வண்டி வரும்."

மாலை ஐந்து மணிக்கு வால்வு திறந்தது. "தண்ணி நல்லா இருக்கு. குடிக்கலாம். தப்பு என்னோடது," என்று மேகலா செய்தி அனுப்பினாள். பேரூராட்சித் தலைவர் நேரில் வந்தார். "நீ இருக்கற தைரியத்துலதாம்மா ஊரு தூங்குது. ஒட்டிக்கிட்டு வந்துடு," என்றார். அவர் போனபின் டீச்சரம்மா வந்து, "போதும்டி, நீ கொடுத்தது போதும்," என்று கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார். ராஜகுமாரி லாரிக் கதையை டிரைவரின் முகபாவத்தோடு நடித்துக் காட்டினாள். "நாங்க என்ன, நாக்கு இல்லாதவங்களா? பொத்தானை வை, எவ அமுக்கலைன்னு நான் பாக்கறேன்," என்றாள்.

எல்லோரும் சொல்லிவிட்டார்கள். மாதேஷ் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று நாள் கழித்துக் குழாயில் வந்த தண்ணீரில் இரவுச் சாப்பாட்டுக்கு ரசம் வைத்துக்கொண்டிருந்தான்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு மேகலா மெஸ் சமையலறைக்கு வந்தாள். சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். ஓரம் மடித்த தாளைப் பிரித்துத் தேதியைப் படித்தாள். பின் மடிப்பை நீவிவிட்டாள்.

"எப்ப மடிச்சீங்க?"

"ஜனவரி ஒண்ணாந்தேதி. புதுக் காலண்டர் மாட்டின அன்னைக்கே."

"அதுக்கு முந்தின வருஷம்?"

"இந்தத் தேதி அந்தக் காலண்டரோட கடைசித் தாளுக்கு அப்புறம்தானே வருது. எண்ணிக்கிட்டு மட்டும் இருந்தேன்."

ரசம் நுரை கட்டத் தொடங்கியது. அவன் தீயைக் குறைத்தான்.

"அந்தப் பதினோரு பேர்ல கடைசிப் பேர் யாருன்னு தெரியுமா?" என்றாள் அவள்.

"யாரு?"

"எங்கப்பா. விசாரணைக்கு வந்தவங்ககிட்ட ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டே சொல்லியிருக்காரு. 'என் பொண்ணு சொன்னப்பவே எனக்கும் ஒரு மாதிரி இருந்துச்சு. வீட்ல பயப்படுவாங்களேன்னு சிரிச்சுட்டேன்'னு." அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "என் நாக்கை அவர்கிட்ட இருந்துதான் வாங்கியிருக்கேன் போல. ரெண்டு பேருமே வேணுங்கறப்ப வாயைத் திறக்கலை."

மாதேஷ் கொத்தமல்லியை நறுக்கிக்கொண்டே இருந்தான். நறுக்கியதையே மறுபடி நறுக்கினான்.

"ஊரே வந்து என்ன செய்யணும்னு சொல்லிட்டுப் போயிடுச்சு," என்றாள் மேகலா. "நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

"நான் சொன்னா நீ அதுக்காகச் செஞ்சுடுவே."

"செய்வேனோ மாட்டேனோ, அது நான் பாத்துக்கறேன். நாலு வருஷமா என்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு வாயைத் திறக்கறீங்க, உடனே 'தண்ணி வேணுமா'ங்கறீங்க. ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர்தான் குடிக்கிறது?"

கூடத்திலிருந்து ராஜகுமாரி, "ஏன்டா, ரசம் இறக்கற நேரமாச்சே, உப்பு பாக்க வரட்டுமா?" என்று குரல் கொடுத்தாள்.

"நீ உக்காரும்மா," என்றான் மாதேஷ்.

கத்தியைக் கீழே வைத்தான். கையைத் துண்டில் துடைத்தான். கரண்டியை எடுத்து, ரசத்தின் தெளிவில் இருந்து கொஞ்சம் மொண்டு, சூடு ஆற ஊதினான். அவள் ஏற்கனவே வலது உள்ளங்கையைக் குழித்து நீட்டியிருந்தாள். இடது பக்கக் கன்னத்தை, அந்தப் புதுப் பல் இருக்கும் இடத்தை, நாக்கால் தடவிப் பார்த்துக்கொண்டாள். ஒரு சொட்டு தரையில் விழுந்தது. ஒரு சொட்டு அவள் கையில் விழுந்தது.

"மேகலா," என்றான். "கொஞ்சம் உப்பு பாத்துச் சொல்றியா?"